காரைதீவிலிருந்து ஹாவர்டின் பைதன் வகுப்பு: எங்கள் அனுபவமும் என் மதிப்பீடும்

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பந்தியோடு போகலாம். கணினிக்கு நிரல் எழுதப் பழக ஆசைப்பட்டு, எங்காவது ஒரு வகுப்பில் சேர்ந்து, "இது நம்ம மண்டைக்கு ஏறாது" என்று பாதியில் விட்டவர்கள் நம்ம பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு, ஹாவர்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் சி.எஸ்.50பி என்ற வகுப்பை, பைதன் என்ற நிரல் மொழியைப் படிப்பிக்கும் வகுப்பை, மனதாரச் சிபாரிசு செய்கிறேன். ஐந்துக்கு நாலு புள்ளி. குறைந்த அந்த ஒரு புள்ளி எதற்கென்று கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அந்தக் குறைகள் தெரியாமல் உள்ளே போகிறவருக்கு அதுவே மனம் விட்டுப்போகச் செய்யும்.

நான் இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். ஐ.ரி. படித்தவள் இல்லை. அக்காவின் மகள் ஏ.எல். (உயர்தர) பரீட்சைக்கு ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பப் பாடம்) எடுக்கிறாள், அவளும் நானுமாக இரவில் வேலை, சமையல் எல்லாம் முடிந்த பிறகு ஒரே லெப்டொப்பில் இருந்து இதைச் செய்தோம். ஆகவே இது ஒரு மென்பொருள் பொறியியலாளரின் மதிப்பீடு இல்லை, அடியிலிருந்து தொடங்கிய இரண்டு பேர் பார்த்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். சி.எஸ்.50 என்று கேள்விப்பட்டுத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது சி.எஸ்.50எக்ஸ் என்ற பெரிய வகுப்பில். டேவிட் மாலன் என்ற பேராசிரியர் 2007 முதல் ஹாவர்டில் படிப்பிக்கும் வகுப்பின் இணைய வடிவம் அது. நல்ல வகுப்புத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்கிராட்ச் என்ற விளையாட்டுப் போன்ற ஒன்றில் சந்தோஷமாகத் தொடங்கி, அடுத்த வாரமே சி மொழிக்குத் தாவும். நாலாம் வாரம் வரும்போது நினைவகம், சுட்டிகள் என்று போய், நிரலை ஓடவிட்டால் "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்ற இரண்டே சொல்லோடு நின்றுவிடும், எங்கே பிழை என்றுகூடச் சொல்லாது. வேலைக்குப் போய்க்கொண்டு, பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் படிக்கிற ஒருவருக்கு அந்த இடம் சரியான கஷ்டம். சி.எஸ்.50பி அதே ஆசிரியர் 2022 இல் பைதனுக்கென்று தனியாக எடுத்தது. பத்து வாரம், பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை எண்ணுவார்கள், ஒரு மொழியிலேயே நின்று ஒவ்வொரு படியாகப் போகும். அடியிலிருந்து தொடங்குகிறவர் முதலில் இதைச் செய்யுங்கள், ஆசை இருந்தால் பிறகு பெரியதற்குப் போகலாம். வாரம் என்பது பெயருக்குத்தான், ஒரு வாரப் பாடத்தை ஒரு மாதம் செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நம்ம ஊரில் இது எப்படிப் படிப்பிக்கப்படுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அப்போதுதான் இந்த வகுப்பில் எது வித்தியாசம் என்று விளங்கும். ஓ.எல். (சாதாரண தர) ஐ.சி.ரி. பாடத்தில் பஸ்கால் என்ற மொழி, ஏ.எல்.இல் பைதன். பாடத்திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, பாய்ச்சற் கோட்டுப்படத்திலிருந்து ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனால் பிள்ளைகள் நிரலைக் கொப்பியில் எழுதுகிறார்கள். பேனையால். அக்காவின் மகள் முன்பு போன ஒரு தனியார் வகுப்பில், ஆசிரியர் நிரலை வரிவரியாகச் சொல்லச் சொல்ல எழுதி, அதன் வெளியீடு என்ன என்பதையும் அவரே சொல்ல எழுதி, பரீட்சைக்கு முதல் அதைப் பாடமாக்கி எழுதினால் புள்ளி. கணினியைத் தொடுவது எப்போதாவது ஒருநாள், அதுவும் ஒரு இயந்திரத்துக்கு நாலைந்து பேர். கொப்பியில் எழுதிய நிரலில் பிழை வராது. வந்தாலும் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி விழும், அவ்வளவுதான். அது ஏன் பிழையாக வந்தது, எதை மாற்றினால் சரிவரும், மாற்றிப் பார்த்தால் என்ன நடக்கும் என்ற ஒன்றுமே அந்தப் பிள்ளைக்குத் தெரியவராது. அவள் அந்த வகுப்பிலிருந்து நின்றபோது சொன்னது "எனக்கு மூளை காணாது சின்னம்மா" என்றுதான். கெட்டிக்காரப் பிள்ளை, கணக்கில் ஏ எடுத்தவள். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வந்த கோபம்தான் இந்த வகுப்பைத் தேடிப் பிடிக்க வைத்தது.

சரி, வகுப்புக்கு வருவோம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு விரிவுரை, சில குட்டி விளக்க வீடியோக்கள், எழுத்தில் குறிப்புகள், கடைசியில் செய்துகாட்டவேண்டிய பயிற்சிகள். விரிவுரையை மட்டும் பார்த்துவிட்டுப் "படிச்சாச்சு" என்று சொல்கிறவர்களுக்கு இதில் கிடைப்பது கொஞ்சம். உயிர் முழுக்கப் பயிற்சிகளில்தான் இருக்கிறது. முதல் வாரப் பயிற்சி ஒன்று, நாம் தட்டச்சு செய்யும் ஆங்கில வசனத்தில் இருக்கும் பெரிய எழுத்தையெல்லாம் சின்ன எழுத்தாக்கித் திருப்பித் தருவது, ஒரே வரியில் முடித்துவிடலாம். இன்னொன்று, சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை மூன்று புள்ளியாக மாற்றுவது. இவ்வளவு சின்னதாகத் தொடங்குவதைப் பார்த்து யாரும் லேசாக நினைக்க வேண்டாம். முதல் நாளே ஒன்று முழுதாக வேலை செய்து பார்ப்பது புதியவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பது செய்து பார்த்தவருக்குத் தெரியும்.

அப்புறம், செக்50. இந்த வகுப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நிரலை எழுதிவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால், அது ஹாவர்டின் இயந்திரத்துக்குப் போய், பலவிதமான உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதித்து, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரியாகப் பதில் வரும். சரியென்றால் பச்சையில் :) என்று ஒரு சிரித்த முகம், பிழையென்றால் சிவப்பில் :( என்று ஒரு வாடிய முகம். வாடிய முகத்துக்குக் கீழே பெரும்பாலும் "நான் எதிர்பார்த்தது இது, உன் நிரல் தந்தது இது" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். திருத்துங்கள், மறுபடி கொடுங்கள். எத்தனை தரம் வேண்டுமானாலும். ஒவ்வொரு தரமும் அதே பொறுமை, முகம் சுளிக்காது, போன தரம் என்ன செய்தாய் என்று சொல்லிக்காட்டாது. பிள்ளை மூன்று சிரிப்பும் ஐந்து வாட்டமுமாகப் பார்த்த இடத்தில் கொஞ்ச நேரம் கழித்து நாலு சிரிப்பு வரும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, எந்தப் பரீட்சைப் பெறுபேறுக்கும் நான் அதை அவளிடம் பார்த்ததில்லை.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அவர்கள் வளருவதே வரிசை எண்ணுக்குள்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். என்று போய், கடைசியில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் மாவட்ட நிலையும். பிழை விட்டால் இன்னொருவருக்குக் கீழே போவோம் என்ற பயத்தோடு படித்த பிள்ளைக்கு, நிரல் எழுதுவது என்றால் நாளெல்லாம் பிழை விட்டுத் திருத்துவதுதான் என்று வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதை அனுபவித்துப் பார்க்க ஒரு இடம் வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் முன்னுமில்லை பின்னுமில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் 70 வீதம் எடுத்தால் போதும், சான்றிதழுக்கு அது காணும்.

ஒரு சின்ன விஷயத்தைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். ஆலையில் நெல்லைப் புசல் கணக்கில் கதைப்போம், ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. வகுப்பில் உள்ளீடு வாங்குவது படித்த அன்றிரவு, புசலைக் கொடுத்தால் கிலோவாக மாற்றித் தருகிற நிரலை எழுதிப் பார் என்று பிள்ளையிடம் சொன்னேன். எழுதினாள், இன்புட் மூலம் எண்ணை வாங்கி 21 ஆல் பெருக்கி பிரிண்ட். 10 என்று கொடுத்தாள். 210 வரவேண்டிய இடத்தில் 101010 என்று தொடங்கித் திரையில் 42 இலக்கத்துக்கு ஒரு எண் நீளமாக ஓடியது! இரண்டு பேரும் திகைத்துப்போய் இருந்தோம். விஷயம் என்னவென்றால், விசைப்பலகையில் நாம் எதைத் தட்டினாலும் பைதன் அதை எழுத்தாகத்தான் வாங்கும், எண்ணாக இல்லை. எழுத்தை 21 ஆல் பெருக்கு என்றால் அந்த எழுத்தை 21 தரம் அடுத்தடுத்து எழுதிவிடும். 10 என்ற இரண்டு எழுத்து 21 தரம், 42. இயந்திரம் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. இன்ட் என்று ஒரு சின்னச் சொல்லால் எண்ணாக மாற்றியதும் 210 வந்தது.

அதோடு விடவில்லை. 21 என்பது சுற்று எண்தானே, கொஞ்சம் துல்லியமாக 20.9 போட்டுப் பார்ப்போம் என்று பழைய நிரலிலேயே மாற்றினாள், இந்தத் தரம் நீள எண் வரவில்லை, டைப் எரர் என்று ஒரு பிழைச்செய்தி. எழுத்தை முழு எண் தரம் திருப்பி எழுதலாம், 20.9 தரம் எழுத முடியாது, அதைத்தான் அது சொல்கிறது. இப்படி ஒன்றிரண்டு தரம் பிழைச்செய்தியை உட்கார்ந்து வாசித்துவிட்டால் பயம் போய்விடும். புதியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள். என்ன பிழை என்பது கடைசி வரியில் இருக்கும், எந்த வரியில் நடந்தது என்பது அதற்கு மேலே இருக்கும். மேலிருந்து வாசிக்கத் தொடங்கினால் கோப்புப் பெயரும் புரியாத வரிகளுமாக வந்து, அங்கேயே மனம் சோர்ந்துவிடும்.

இனி அந்த ஒரு புள்ளி ஏன் குறைந்தது என்பது.

பெரிய குறை, பயிற்சிக் கேள்விகள் முழுக்க அமெரிக்க வாழ்க்கையில் நடப்பது. உணவகத்தில் சாப்பிட்ட பிறகு எத்தனை வீதம் டிப்ஸ் வைப்பது என்று ஒரு கணக்கு. 25, 10, 5 சதக் குற்றிகளை மட்டும் வாங்கும் கோக் இயந்திரம் ஒன்று. காசு கொடுத்து விரும்பிய எழுத்தில் வாகன இலக்கத்தகடு வாங்குவதற்கான மசசூசெட்ஸ் மாநில விதிகளை வைத்து ஒன்று. மெக்சிகன் உணவுக் கடையின் விலைப்பட்டியல் ஒன்று. நிரல் லேசு, ஆனால் கேள்வி எதைக் கேட்கிறது என்று விளங்கவே நம்ம பிள்ளைக்குப் பாதி நேரம் போகிறது. அந்தப் பாதி நேரத்தில் வருகிற சோர்வை அவள் தன் மூளையின் குறையாக எடுத்துக்கொள்கிறாள், அதுதான் ஆபத்து. இலக்கத்தகடுக் கேள்வியில் விதிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் பிறகுதான் நிரலைத் தொட்டோம், அது மிகவும் உதவியது. கேள்வியை முதலில் உங்கள் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கணினியைத் திறக்கலாம்.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தோம். வகுப்பின் பயிற்சி ஒன்று, நம்ம வாழ்க்கையிலிருந்து நாமே போட்டுக்கொள்ளும் பயிற்சி ஒன்று என்று சோடியாகச் செய்வது. டிப்ஸ் கணக்குக்குச் சோடியாக ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கு: சம்பளத்தைக் கொடுத்தால் ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் எல்லாம் பிரித்துக் காட்டவேண்டும். இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆகவே நிரல் சொல்லும் விடை சரியா பிழையா என்று பார்த்தவுடனே தெரியும். தெரிந்த கணக்கில் பழகுவதில் இருக்கும் பெரிய வசதி அதுதான், புதிதாகப் படிக்கவேண்டியது நிரல் மட்டும்.

'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று சொல்லும் இஃப், எல்ஸ் படித்தபோது ஈரப்பதம் எடுத்தோம். நெல்லில் ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருந்தால் காய்ந்த நெல்லின் விலை, கூடினால் குறைந்த விலை. நாலு வரி நிரல். எழுதிக்கொண்டு போகும்போது அவள் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள், "சின்னம்மா, சரியாப் பதினாலு வந்தா எந்த விலை?" நான் பதில் சொல்ல வாயெடுத்து நின்றுவிட்டேன். ஆலையில் அதை அன்றன்றைக்கு ஆளைப் பார்த்து, மூட்டையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நிரலில் அப்படி முடியாது, 'குறைவாக' என்ற குறியா, 'குறைவாக அல்லது சமமாக' என்ற குறியா என்று ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும், அந்த ஒரு குறி மாறினால் மீற்றரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு விவசாயியின் கைக்குப் போகிற காசு மாறும். செக்50 எப்போதும் இப்படி விளிம்பில் இருக்கிற எண்களாகக் கொடுத்துச் சோதித்துச் சோதித்துத்தான் அந்தக் கேள்வி அவள் மனதில் வந்தது என்று நினைக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைத் தானாகக் கேட்கிற பிள்ளைக்கு மூளை காணாது என்று யார் சொல்லமுடியும்?

மொழி விஷயம். விரிவுரை முழுக்க ஆங்கிலம், மாலன் வேகமாகக் கதைப்பார். உற்சாகமான மனிதர், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வேகத்தை முக்காலாகக் குறைத்து, ஆங்கில வசன வரிகளையும் கீழே போட்டுக்கொண்டுதான் எங்களால் பின்தொடர முடிந்தது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்து விளங்கவேண்டும் என்று நிற்கவேண்டாம். தேவைப்படுகிற ஆங்கிலம் திரும்பத் திரும்ப வருகிற கொஞ்சச் சொல்தான், கொஞ்ச வாரத்தில் காது பழகிவிடும்.

நிரலுக்குள் தமிழ் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. பைதன் 3 இல் மாறிகளுக்கு (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்ப்பெட்டிகளுக்கு) தமிழில் பெயர் வைக்கலாம், ஈரப்பதம், விலை, புசல் என்றே எழுதினோம், ஒழுங்காக ஓடியது. புதியவருக்கு இதில் ஒரு பெரிய நன்மை. எது பைதனின் சொந்தச் சொல், எது நாம் வைத்த பெயர் என்று தொடக்கத்தில் பிரித்தறிய முடியாமல்தான் பலர் திண்டாடுகிறார்கள். நாம் வைத்ததெல்லாம் தமிழில் இருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். வகுப்புக்குக் கொடுக்கிற பயிற்சிகளில் அவர்கள் கேட்கிற ஆங்கிலப் பெயர்களையே வைக்கவேண்டும், இது நம்ம சொந்தப் பயிற்சிக்கு மட்டும்.

தமிழோடு ஒரு புதிரும் வந்தது. ஒரு சொல்லின் நீளத்தை எண்ணித் தரும் லென் என்ற செயலிடம் காரைதீவு என்று கொடுத்தால் 8 என்கிறது. கா, ரை, தீ, வு, நாலுதானே? கல்முனைக்கு 7 என்கிறது, சம்மாந்துறைக்கு 11. காரணம், கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் உயிர்மெய்யின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன, பைதன் அந்தக் குறிகளை எண்ணுகிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிற பயிற்சிகளைத் தமிழ்ச் சொல்லில் செய்து பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள், இல்லாவிட்டால் உங்கள் நிரல் பிழை என்று நினைத்து இரவு முழுக்கத் தேடுவீர்கள். இந்த வகுப்பு இதைச் சொல்லித் தருவதில்லை.

வசதிகள் பற்றிச் சுருக்கமாக. போனில் செய்ய முயலாதீர்கள், பைதனில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் இருக்கிறது, போன் விசைப்பலகையில் அது பெரிய கரைச்சல். பழைய லெப்டொப் போதும். நிரல் எழுதுவதும் ஓடுவதும் உலாவிக்குள்ளேயே அவர்களின் இயந்திரத்தில் நடப்பதால் நம்ம இயந்திரத்தின் வலு பெரிதாகத் தேவையில்லை. தொடங்க கிட்ஹப் என்ற, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தில் கணக்கு ஒன்று திறக்கவேண்டும், அது இலவசம். டேட்டா விரிவுரைகளுக்குத்தான் போகும், சில விரிவுரைகள் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும், ஆனால் அவற்றைப் பதிவிறக்கி வைக்க வகுப்பின் தளத்திலேயே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரவு டேட்டாவில் குறைந்த தரத்தில் இறக்கிவைத்துவிட்டுப் பகலில் பார்க்கலாம். குறிப்புகளை மட்டும் வாசித்தும் பயிற்சிகளைச் செய்யலாம், பல வாரம் நாங்கள் அப்படித்தான் ஒப்பேற்றினோம்.

கடினம் சமமாக ஏறுவதில்லை. தொடக்க வாரங்கள் இதமாகப் போய், சில பயிற்சிகளில் திடீரென்று தூக்கும். இரண்டாம் வாரத்து இலக்கத்தகடு அப்படியொன்று, ஏழாம் வாரத்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துக்குள் ஒரு வடிவத்தைத் தேடுவது) முழுவதுமே அப்படித்தான். இந்த இடங்களில் "இங்கே எல்லாருக்கும் சறுக்கும், பயப்படவேண்டாம்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், அது இல்லாதது எனக்கு மனக்குறை. ஒரு பயிற்சி பிடிபடவில்லையென்றால் அதை வைத்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள், இரண்டொரு நாளில் திரும்பி வரும்போது பெரும்பாலும் திறந்துவிடும்.

உதவிக்கு வாத்து ஒன்று இருக்கிறது. 2023 முதல் இந்த வகுப்புகளில் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வாத்து உருவத்தில் வைத்திருக்கிறார்கள். கேட்டால் விடையைத் தராது, இந்த வரியைத் திரும்பப் பார், இந்த மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்று யோசி என்று வழிகாட்டும். சட்ஜிபிடி போன்றவற்றைப் பயிற்சிகளுக்குப் பயன்படுத்த வகுப்பின் விதியில் அனுமதி இல்லை, வாத்துக்கு மட்டும் அனுமதி. இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முழு நிரலையும் எழுதித் தருகிற ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஐந்து நிமிடம் முட்டிக்கொண்டு நின்றாலே பிள்ளைகள் அதனிடம் ஓடிவிடுகிறார்கள். விடை வந்துவிடும். ஆனால் அடுத்த பயிற்சியில் மறுபடி வெறுங்கையோடு நிற்பார்கள், இந்தத் தரம் "நான் செய்யவேயில்லை" என்ற எண்ணமும் கூடவே வரும், அது வெறும் தோல்வியைவிட அதிகமாக மனதை அரிக்கும்.

வேறு இலவச வழிகளும் இருக்கின்றன, நியாயமாக அவற்றையும் சொல்லவேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடநெறிகளில் பைதனும் இணைய வடிவமைப்பும் இருக்கின்றன, உள்நாட்டுச் சான்றிதழ் வேண்டுமென்பவர்களுக்கு அது பொருத்தம். ஃபிரீகோட்கேம்ப் என்ற தளம் பெரும்பகுதி எழுத்தும் பயிற்சியுமாக இருப்பதால் டேட்டா குறைவாகப் போகும், இணையப் பக்கம் செய்யத்தான் ஆசை என்றால் அங்கே தொடங்கலாம். ஏ.எல். பரீட்சையை மட்டும் மனதில் வைத்திருக்கிறவர்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் கிடைக்கும். பரீட்சை விடை எழுதுவதற்கு சி.எஸ்.50பி நேரடியாகத் தயார்படுத்தாது, ஆனால் பைதன் பகுதியில் வருகிற நிரலை வாசித்து வெளியீட்டைச் சொல்கிற கேள்விகள் அக்காவின் மகளுக்கு இப்போது தண்ணீர்தான்.

சான்றிதழ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: எல்லாப் பயிற்சிகளையும் கடைசிச் செயற்றிட்டத்தையும் முடித்தால் வகுப்பின் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் உறுதிப்படுத்திய சான்றிதழ் வேண்டுமென்றால் டொலரில் கட்டவேண்டும், அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ இந்த ஒரு கடதாசியைக் காட்டி யாரும் வேலை தரப்போவதில்லை, அப்படி நினைத்துச் சேரவும் வேண்டாம். வேலைக்குக் கேட்கிறவரிடம் காட்டக்கூடியது கடைசிச் செயற்றிட்டம். என்ன செய்வது என்பது நம் விருப்பம். நாங்கள் எடுத்தது ஆலையின் நெல் வரவுப் பதிவு. ஒரு நாளின் மூட்டை, எடை, ஈரப்பதம் எல்லாம் சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பில் இருக்க, அதை வாசித்து ஆளாளுக்குக் கொடுக்கவேண்டிய தொகையைக் கணக்கிட்டு எழுதும். கோப்புகளைக் கையாளும் ஆறாம் வாரப் பாடம் ஒன்றே அதற்குப் பெரும்பாலும் போதுமாக இருந்தது. முதலாளி இன்னும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விடவில்லை, ஆனால் மாலையில் கூட்டுத்தொகை இரண்டிலும் ஒன்றா என்று பார்க்க இப்போது அவரே வந்து திரையைக் கேட்கிறார்.

யார் சேரலாம் என்றால், ஆங்கிலத்தை மெதுவாக வாசித்து விளங்கக்கூடிய, ஒரு லெப்டொப்பும் வாரத்தில் சில இரவுகளும் இருக்கிற யாரும். பதின்மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு இது பாரம், அவர்களுக்கு ஸ்கிராட்ச் நல்லது. முடிந்தால் இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பக்கத்திலிருந்து வாசிக்க, ஒவ்வொரு பயிற்சிக்கும் இடம் மாறி. ஆனால் சமர்ப்பிக்கும் நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் கையால் எழுதவேண்டும், வகுப்பின் நேர்மை விதியில் இது இருக்கிறது, சேரும் நாளிலேயே அந்தப் பக்கத்தை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.